பாக்கியலட்சுமியை உயிர்ப்பித்த நடைமுறை

டெல்லி, சென்னை, மாவட்டம், ஊராட்சி ஆகிய நான்கையும் இணைக்கும் புதிய இணையதளம் ஒன்று வரப்போகிறதாம். அதை முன்னிட்டுப் பழைய அனுபவங்களைத் தொகுக்கிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று எங்கள் அலுவலர் சங்க மலரிலிருந்து கேட்டிருக்கிறார்கள். மகிழ்ச்சி. என் பணிக்காலத்தில் நான்கையும் இணைக்கும் தளங்கள் எத்தனை வந்தன என்று எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டேன். ஒவ்வொன்றும் இதுதான் கடைசித் தளம் என்று சொல்லிக்கொண்டே வந்தது. ஒவ்வொன்றின் தொடக்க விழாவிலும் குத்துவிளக்கு ஏற்றினோம். முதல் முயற்சியிலேயே வேலை செய்தது விளக்கு மட்டும்தான்.

நான் இளநிலை வருவாய் ஆய்வாளராகச் சேர்ந்து, தாசில்தாராகி, கடைசி ஆண்டுகளை விருதுநகர் மாவட்டத்தின் சூலக்கரை ஆட்சியர் அலுவலகத்தில் 'மின் ஆளுமை' என்று பலகை மாட்டிய அறையில் கழித்து ஓய்வு பெற்றவள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிலம் அளக்கச் சங்கிலி பிடித்தேன், அடங்கல் என்ற பயிர்க்கணக்கு எழுதினேன். முதுகலை படித்தவள் என்று தெரிந்ததும், பழைய பதிவேடுகளுக்கு அட்டை போடும் பொறுப்பை மூத்த எழுத்தர்கள் எனக்குத் தந்தார்கள். கணினிப் பயிற்சி மதுரையில் மூன்று நாள். முதல் நாள் கணினியை எப்படி அணைப்பது என்று சொல்லித் தந்தார்கள். இரண்டாம் நாள் மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள்.

அந்தச் சான்றிதழை நம்பித்தான் நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் மாரியம்மன் பெயரில் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. கைப்பதிவேட்டில் 'மாரியம்மன்' என்று ஒரே சொல்தான். திரைக்கு அது போதவில்லை. பாலினம் கேட்டது, பெண் என்று போட்டோம். தந்தை அல்லது கணவர் பெயர் கேட்டது. சிவப்பு நட்சத்திரம் வைத்த கட்டம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. சென்னைக்கு எழுதிக் கேட்டோம். 'நில உரிமையாளரின் குடும்ப அட்டையைச் சரிபார்த்து நிரப்பவும்' என்று பதில் வந்தது. தட்டச்சர் வெறுத்துப்போய் 'தெரியவில்லை' என்று அடித்துவிட்டார். ஊரில் ஒரு வாரம் சண்டை. "எங்க ஆத்தாளுக்கு அப்பன் பேரு தெரியலைன்னு கவர்மெண்டு எழுதுமாலே?" என்று கிராம உதவியாளரை வழிமறித்துக் கேட்டார்கள். கைப்பேசி எண்ணும் கட்டாயம் என்பதால் பூசாரியின் எண்ணைக் கொடுத்தோம். அம்மனுக்கு வரவேண்டிய கடவுச்சொல்லெல்லாம் அன்றிலிருந்து பூசாரிக்குத்தான் போகிறது.

அடுத்து வந்தது நிலுவையே இல்லாத மாவட்டம் ஆக்கும் காலம். வாரம் ஒரு காணொலிக் கூட்டம். திரையில் மாவட்டங்களின் பெயர்கள், பக்கத்தில் முடிக்காத மனுக்களின் எண்ணிக்கை. அதிகம் வைத்திருப்பவர் பெயர் சிவப்பில் வரும். சென்னையில் உட்கார்ந்திருப்பவர் சிவப்பைப் பார்த்து, "என்ன விருதுநகர், தூங்குறீங்களா?" என்பார். மனுக்களை முடிக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மனுவைப் படித்து, விசாரித்து, வேண்டியதைச் செய்வது. இதற்கு நாள் ஆகும். மற்றது 'திருப்பி அனுப்பு' என்ற பொத்தான். அழுத்தினால் காரணங்களின் பட்டியல் விரியும். 'ஆவணம் தெளிவாக இல்லை' என்பது முதலில் இருந்ததால் அதுவே எங்கள் எல்லோருக்கும் பிடித்த காரணம். கூட்டத்துக்கு முந்தைய மாலை நாங்கள் அதை எந்த வேகத்தில் அழுத்தினோம் என்பதைப் பார்த்தால், சீசன் நேரத்துப் பட்டாசு ஆலைகள்கூட எங்களிடம் பாடம் கேட்டிருக்கும். நானும் அழுத்தினேன். எங்கள் மாவட்டத்தின் பெயர் பச்சையில் வந்தது. கேக் வெட்டினோம்.

எங்கள் மாவட்ட வருவாய் அலுவலர் அருணாசலம் அந்தக் கேக்கைத் தொடவில்லை. சர்க்கரை நோய் என்று சொல்லிக்கொண்டார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்தக் கோப்பு போனாலும் அதன் ஓரத்தில் பச்சை மையில் 'பேசவும்' என்று எழுதித் திருப்புவார். கோப்புகள் மின்கோப்புகளான பிறகும் பழக்கம் போகவில்லை. அவருக்குத் தட்டச்சு வராது. அறைக்கு வெளியே இருக்கும் உதவியாளரைக் கூப்பிட்டு 'பேசவும்' என்று அடிக்கச் சொல்வார். அந்த ஒரு சொல் சென்னை சர்வர் வரை போய், பதினைந்தடி தள்ளியிருக்கும் என் அறைக்கு வந்து சேரும். போய் நின்றால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். மின்விசிறியைப் பார்ப்பார். "சட்டம் என்னம்மா சொல்லுது?" என்பார். சுற்றறிக்கையில் இப்படி இருக்கிறது என்று தொடங்கினால், "சுற்றறிக்கையைக் கேக்கலியே" என்பார். கையேட்டில் அப்படி இருக்கிறது என்றால் மறுபடி மின்விசிறி. சட்டப் பிரிவைச் சொல்லும்வரை கண்ணாடி மேசையிலிருந்து எழாது. அவரிடம் வேலை பார்த்த நாட்களில் அவரை நான் நினைத்துக்கொண்ட சொற்களைச் சங்க மலரில் போட மாட்டார்கள்.

இனி பாக்கியலட்சுமி.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணும், பிளஸ் டூ முடித்த அவர் மகளும் என் மேசைக்கு வந்தார்கள். மகள் பெயர் நந்தினி. அம்மாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் காகிதங்கள்.

"வணக்கம்மா. நான் செத்துப்போயிட்டேன்னு வருது. அதைக் கொஞ்சம் எடுத்து விடணும்" என்றார்.

"யார் சொன்னது?"

"சேவை மையத்துல பர்வீன் பாப்பா சொல்லுச்சு. புள்ளைக்கு வருமானச் சான்று கேட்டுப் போனோம். எம்பேரைப் போட்டா செவப்பா எழுத்து வருது. 'அக்கா, நீங்க இல்லையே'ங்குது. 'இந்தா நிக்கிறேனே'ன்னேன். 'நிக்கிறீக, ஆனா இல்லை'ங்குது."

பர்வீன் சொன்னது சரிதான். என் திரையிலும் பாக்கியலட்சுமி இல்லை. எப்படி இல்லாமல் போனார் என்பதை, மகளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, அவரே சொன்னார்.

கணவர் இறந்துவிட்டார். பாக்கியலட்சுமி, மகள், கணவரின் அக்கா முத்துமாரி என்று மூன்று பேர் ஒரே வீடு, ஒரே குடும்ப அட்டை. முத்துமாரிக்குக் கல்யாணம் ஆகவில்லை. பாக்கியலட்சுமி ஒரு பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சீசனில் ஒரு நாள் வராவிட்டால் அங்கே அந்த இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். மறுநாள் போனால் இடம் இருக்காது. ஆகவே, வர முடியாதவர் வீட்டிலிருந்து வேறு ஒருவர் அதே கேட் பாசைக் காட்டிப் போவார். வருகைப் பதிவேட்டில் பாசில் உள்ள பெயருக்கே குறி விழும். போர்மேனுக்குத் தெரியும். தலையை எண்ணினால் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நந்தினி பிளஸ் ஒன் படித்த வருடம், ஒரு நாள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். கையெழுத்துப் போட அம்மாதான் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பாக்கியலட்சுமி பள்ளிக்குப் போனார். முத்துமாரி பாசை வாங்கிக்கொண்டு ஆலைக்குப் போனார். பத்தரை மணிக்கு அந்த அறை வெடித்தது.

ஆலையின் பதிவேட்டில் பாக்கியலட்சுமி என்று இருந்தது. போலீஸ் அதைப் பார்த்து எழுதினார்கள். போலீஸ் பட்டியலைப் பார்த்துக் கிராம நிர்வாக அலுவலர் இறப்பைப் பதிந்தார். மாலைக்குள் பட்டியல் மேலே போக வேண்டும் என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தோம்; விரட்டியவர்களில் நானும் ஒருத்தி. பாக்கியலட்சுமி அழுதுகொண்டே ஆள் மாறிப்போனதைச் சொல்லியிருக்கிறார். போர்மேன், "இப்ப ஒண்ணும் பேசாதீக, பட்டியல் போயிருச்சு. ஒரே வீடுதானே. பேரை அப்புறமா மாத்திக்கலாம்" என்றாராம். அவர் சொன்னதில் அவருக்கு நன்மை இருந்தது. இருந்தாலும் அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. எங்கள் வட்டாரத்தில், எழுதிய பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நம்பி வாழ்ந்திருக்கிறோம்.

ஆனால் அன்றைக்குத்தான் நாங்கள் பல ஆண்டுகளாகக் காத்திருந்த அதிசயம் நடந்தது. மூன்று தளங்களும் ஒன்றோடொன்று பேசின. கிராமத்துப் பதிவு சென்னைக்குப் போனது. சென்னை குடும்ப அட்டையில் பாக்கியலட்சுமியை நீக்கி, மிச்சமிருந்தவர்களில் மூத்தவரான முத்துமாரியைக் குடும்பத் தலைவியாக்கியது. டெல்லி பாக்கியலட்சுமியின் அடையாள எண்ணை முடக்கியது. ஒருவருக்கு முதியோர் உதவி வாங்கித் தர இந்த மூன்றையும் பேச வைக்க மாதக்கணக்கில் மன்றாடியிருக்கிறேன். உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணை இல்லாமலாக்க இரண்டு நாள் போதுமாக இருந்தது.

"இத்தனை நாள் ஏன் வரலை?" என்றேன், அதிகாரிகளுக்கே உரிய குரலில்.

"வந்தேனேம்மா. மனு போட்டேன். ஆவணம் தெளிவா இல்லைன்னு திருப்பிட்டாக."

"யார் திருப்பினது?"

பக்கத்தில் இருந்த உதவியாளர் மனு எண்ணை அடித்துப் பார்த்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். திருப்பி அனுப்பியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. கேக் வெட்டியதற்கு முந்தைய மாலை. மனுவோடு இணைத்திருந்த ஆவணம் அவருடைய புகைப்படம். தெளிவாகத்தான் இருந்தது.

நந்தினிக்கு நர்சிங் கலந்தாய்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் வருமானச் சான்று வேண்டும், அதற்கு அம்மா உயிரோடு வேண்டும். நான் எல்லா நடைமுறைகளும் தெரிந்தவள் என்ற பெயரோடு களத்தில் இறங்கினேன். கிராம நிர்வாக அலுவலர் திரையைத் திறந்து திருத்தம் என்ற பகுதியைக் காட்டினார். காரணங்கள்: எழுத்துப்பிழை, முகவரி, வயது, பாலினம். இறந்தவர் இறக்கவில்லை என்று ஒரு காரணம் அதில் இல்லை. சென்னை உதவி மையத்தை அழைத்தேன். இறப்பை ரத்து செய்ய, சம்பந்தப்பட்டவர் விரல்ரேகை வைத்துத் தான் உயிரோடு இருப்பதை உறுதி செய்ய வேண்டும் என்றார்கள். வைத்தோம். இந்த எண் செயல்பாட்டில் இல்லை என்றது இயந்திரம். டெல்லிக்கு எழுதினேன். எண்ணைச் செயல்படுத்த, இறப்பு ரத்தான ஆணையை இணைக்கவும் என்று பதில். மறுபடி சென்னைக்குப் புகார் பதிந்தேன். மூன்றாம் நாள் புகார் முடிக்கப்பட்டது என்று செய்தி வந்தது. காரணத்தை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன்: 'மூன்று தளங்களிலும் தரவுகள் ஒத்துப்போகின்றன. எனவே பிழை ஏதும் இல்லை.'

கோப்பு வைத்தேன். 'பேசவும்' என்று வந்தது. போனேன். கண்ணாடி மேசைக்கு வந்தது.

"சட்டம் என்னம்மா சொல்லுது?"

"சார், தளத்துல அந்த வசதி இல்லை."

"தளம் எந்தப் பிரிவு?"

அவர் அலமாரியிலிருந்து பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப் புத்தகத்தை எடுத்தார். முதுகு கிழிந்து துணி ஒட்டிய புத்தகம். பதிவில் உள்ளது உண்மைக்கு மாறானது என்று தெரிந்தால், பதிவாளர் மூலப் பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்திடலாம். விவரம் அறிந்த, நம்பத்தகுந்த இரண்டு பேரின் வாக்குமூலம் வேண்டும். கணினி வருவதற்கு முன் எழுதிய சட்டம். கணினி வந்த பிறகும் அதை யாரும் ரத்து செய்யவில்லை. படித்துப் பார்த்தவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

"வெடிவிபத்து நிவாரணப் பணம் அந்தப் பேர்ல போயிருக்கு சார்" என்றேன்.

"ஒரே வீடு. அது வேற கோப்பு. ரெண்டையும் கட்டிப்போட்டா இந்தப் பொம்பளை நெசமாவே செத்துரும். ரெண்டு சாட்சியைக் கூட்டியாங்க."

போர்மேன் வரவில்லை. "என் பொழைப்பு போயிரும்மா, என்னை விட்டுருங்க" என்று போனிலேயே அழுதார். பக்கத்து அறையில் வேலை பார்த்துத் தப்பிய சுப்புத்தாய் வந்தார். "உள்ள போனது முத்துமாரிதான். எங்கிட்ட வெத்தலை வாங்கிட்டுப் போனா. எங்க வேணாலும் சொல்றேன்" என்றார். இரண்டாவது சாட்சி நந்தினியின் தலைமையாசிரியை. பெற்றோர் கூட்டத்துப் பதிவேட்டை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். அன்றைய தேதியில், பத்தரை மணிக்கு நேராக, பாக்கியலட்சுமி என்று கோணல் கையெழுத்து. வெடித்த நேரத்தில் அவர் ஒரு பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே ஆதாரம் ஒரு நாற்பது பக்க நோட்டு.

எல்லாம் கூடி வந்த இடத்தில் பாக்கியலட்சுமி மறுத்தார். சாட்சிகளோடு அவரும் எழுதித் தர வேண்டும் என்றேன்.

"என்னன்னும்மா எழுதணும்?"

"நடந்ததைத்தான். உங்க பாசைக் கொடுத்து முத்துமாரியை அனுப்பினேன்னு."

அவர் பேனாவை எடுக்கவில்லை. "நான்தான் அனுப்புனேன்னு எங்கையால எழுதணுமா?" என்றார். பிறகு, "பர்வீன் பாப்பா ஒண்ணு சொல்லுச்சு. அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் இல்லைன்னு போட்டா, அனாதைப் புள்ளைன்னு சீட்டு முன்னாலயே குடுப்பாகளாம். நான் செத்தவளாவே இருந்துக்கிறேம்மா. எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு? இப்ப பாக்குற காலண்டருக்கு அட்டை ஒட்டுற வேலைக்கு யாரும் உசுரு இருக்கான்னு கேக்கலை" என்றார்.

தளத்தில் அந்த வசதி இருந்தது. 'பெற்றோர் இருவரும் இல்லை' என்பதற்கு ஒரு கட்டம். ஒரு சொடுக்கு போதும். எந்த ஆவணமும் வேண்டாம், மூன்று தளங்களும் ஏற்கெனவே ஒத்துப்போகின்றன. என் பணிக்காலத்தில் இவ்வளவு சுலபமான சேவையைப் பார்த்ததில்லை. ஒப்புக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நந்தினிதான் எழுந்தாள். "ஏம்மா, நீ செத்துப்போயிட்டா எனக்குச் சோறு யாரு போடுவா? டெல்லியா?" என்றாள். பேனாவை அவளே எடுத்தாள். "நீ சொல்லு. நான் எழுதுறேன். கீழ கையெழுத்து மட்டும் போடு."

பாக்கியலட்சுமி சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். 'என் மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்ததால்' என்ற இடத்தில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, அத்தை ஏன் அன்றைக்கு வேலைக்குப் போனாள் என்று அவளிடம் இதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை என்பது புரிந்தது. அந்த வரியை முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, அடுத்த வரிக்குப் போனாள்.

மாவட்ட வருவாய் அலுவலர் ஆணையிட்டார். தானே தட்டச்சு செய்ய முயன்று, பிறகு கையாலேயே எழுதினார். பதிவுகளை அச்செடுத்துத் தைத்து வைக்க வேண்டும் என்ற விதியை எங்கள் கிராம நிர்வாக அலுவலர் தணிக்கைக்குப் பயந்து கடைப்பிடித்திருந்தார்; அந்தப் பதிவேட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினோம்: 'பாக்கியலட்சுமி என்பதை முத்துமாரி என்று வாசிக்கவும்.' அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, 'எழுத்துப்பிழை' என்ற காரணத்தின் கீழ் தளத்தில் ஏற்றினோம். தளம் ஏற்றுக்கொண்டது. ஒரு பெண்ணின் உயிருக்கும் இன்னொரு பெண்ணின் சாவுக்கும் உள்ள வித்தியாசம் அரசாங்கத்தின் பார்வையில் எழுத்துப்பிழை என்பது அப்படித்தான் நிலைபெற்றது.

கலந்தாய்வுக்கு முதல் நாள் வருமானச் சான்று வந்தது. நந்தினிக்கு அனாதை ஒதுக்கீட்டில் சொன்ன இடம் கிடைக்கவில்லை. பொது வரிசையில், நான்கு மாவட்டம் தள்ளி ஒரு கல்லூரி கிடைத்தது. சேர்ந்துவிட்டாள். டெல்லி எண்ணும் திரும்ப உயிர்பெற்றது. ஆனால் பட்டாசு மருந்துப்பொடியில் தேய்ந்த விரல்களை இயந்திரம் ஏற்காமல், கடைசியில் கண்ணைக் காட்டித்தான் பாக்கியலட்சுமி தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து அவர் மட்டும் வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து, அதற்கான முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் கைப்பேசியை நீட்டினார். சென்னையிலிருந்து வந்த தானியங்கிச் செய்தி: 'அன்பார்ந்த பயனாளரே! தங்கள் குடும்ப அட்டையிலிருந்து முத்துமாரி என்ற உறுப்பினர் நீக்கப்பட்டார். இச்சேவை தங்களுக்குத் திருப்தி அளித்ததா? ஆம் எனில் 1, இல்லை எனில் 2.'

"இம்புட்டு நாளும் அட்டையில இருந்தாம்மா" என்றார். "தலைவின்னு அவ பேருதான். ரேசன் கடையில பில்லுல 'முத்துமாரி'ன்னு பாத்துக் கூப்பிடுவாக. நானும் 'இந்தா இருக்கேன்'னுட்டுப் போவேன். நேத்து என் பேரைக் கூப்பிட்டாக." கைப்பேசியை என் மேசையில் வைத்தார். "இதுல என்னத்தைம்மா அமுக்கணும்?"

அதற்கான பிரிவு எனக்குத் தெரியவில்லை. எதையும் அமுக்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் கைப்பேசியைச் சுருக்குப்பையில் போட்டு இறுக்கிக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனார்.

பதில் அனுப்பாதவர்களைத் திருப்தி அடைந்தவர்களாகக் கொள்வது அந்தத் தளத்தின் விதி. அந்த வாரக் காணொலிக் கூட்டத்தில் எங்கள் மாவட்டத்தில் திருப்தி அடையாதவர் ஒருவர்கூட இல்லை என்று அறிவித்தார்கள்; எல்லோரும் கைதட்டினோம்.